எட்டு விரல்

குழந்தைகள் வார்டில் ஊசி மருந்தின் அளவை இரண்டு நர்சிங் மாணவிகள் தனித்தனியே கணக்குப் போட வேண்டும். ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். விடை ஒன்றாக வந்தால்தான் மருந்தை ஊசிக்குழாயில் எடுக்கலாம்.

“எட்டு கிலோ குழந்தை. கிலோவுக்கு நூறு மில்லிகிராம், ஒரு நாளைக்கு. நாலு வேளையா பிரிச்சுக் கொடுக்கணும். கரைச்ச மருந்து ஒரு மில்லியில நூறு மில்லிகிராம் இருக்கு. போடுங்க,” என்றார் சிஸ்டர்.

இருவரில் ஒல்லியானவள் பேனாவை எடுத்தாள். அவள் பேரில் ரெஜிஸ்டரில் ஏற்கெனவே இரண்டு தப்பு. மூன்றாவது விழுந்தால் ஒரு வருடம் போச்சு. இரண்டு மில்லி என்று எழுதினாள். சரியா? பின்னால் உட்கார்ந்திருந்தவள், சில்வண்டு என்று பட்டப்பெயர், வகுப்பிலேயே கணக்கில் புலி, முதுகுக்குப் பின்னால் விரல்களை நீட்டினாள். எட்டு.

ஒல்லி ஓரக்கண்ணால் பார்த்து, இரண்டை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினாள்.

“ரெண்டு பேருக்கும் எட்டா? சரி, எடுங்க. போடறதுக்கு முன்னால நான் பார்க்கிறேன்,” என்ற சிஸ்டரை, அடுத்த கட்டிலில் யாரோ கூப்பிட்டார்கள்.

சில்வண்டு பெரிய ஊசிக்குழாயை எடுத்தாள். மருந்து ஏறிக்கொண்டே போனது.

“ஏய், இத்தனையா? இந்தச் சின்னக் கைக்கா?” என்றாள் ஒல்லி.

“கணக்கு சொல்லுதுல்ல? வாயை மூடுடி.”

“நாலால வகுத்தியா?”

சில்வண்டு தன் தாளைப் பார்த்தாள். வகுக்கவில்லை. “சொல்லாதடி. சத்தமில்லாம கொட்டிட்டு வேற எடுத்துக்கலாம்.”

கட்டிலருகே குழந்தையின் அம்மா எட்டிப் பார்த்தாள். “ஊசி ரெடியாம்மா?”

“சிஸ்டர்!” ஒல்லியின் குரல் கீச்சென்று வந்தது. “இது ஒரு நாள் மருந்து சிஸ்டர். ஒரே வேளைக்கு எடுத்துட்டோம். நான் ரெண்டுன்னுதான் போட்டேன். அப்புறம் இவளைப் பார்த்து மாத்திட்டேன்.”

சிஸ்டர் ஊசிக்குழாயை வாங்கிப் பார்த்தார். ஒல்லியின் தாளில் அடித்திருந்த ‘இரண்டு’ என்பதையும் பார்த்தார்.

“தெரிஞ்சே மாத்தினியா?”

“பயந்து.”

“நான் அவசரத்துல பார்க்காம விட்டிருந்தா? யாருடைய பிள்ளை இது?” சில்வண்டு அழுதாள். சிஸ்டர் அவள் பக்கம் திரும்பாமல் ஒல்லியிடமே சொன்னார். “ரெண்டு பேர் பேரும் ரெஜிஸ்டர்ல ஏறும். உனக்கு மூணாவது. நாளைக்குப் பிரின்சிபாலைப் பாரு.”

“சரி சிஸ்டர்.”

“இப்ப சுவரைப் பார்த்து உட்காரு. மறுபடி போடு.”

போட்டாள். இரண்டு வந்தது. நம்பாமல் மறுபடி போட்டாள். இரண்டுதான். அந்த இரண்டு கோணலாக விழுந்தது. அடிக்கவில்லை.