உடைக்கும் மெஷினும் என் பத்து விரலும்

தொழிற்சாலையில் என்னை முந்திரிக்கொட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். நாள் முழுக்க முந்திரிக்கொட்டை உடைப்பவள் என்பதால் அல்ல. அப்படிப் பார்த்தால் எங்கள் கொட்டகையில் ஆறு பேருக்கும் அந்தப் பெயர் பொருந்தும். யாராவது கேள்வி கேட்டால், அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் நான் பதிலைச் சொல்லி, அதற்கு அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுவேன். கடவுள் எனக்கு வாயைக் கொஞ்சம் நீளமாகவும் பொறுமையைக் கொஞ்சம் குட்டையாகவும் வைத்துவிட்டார். அப்படிப்பட்ட வாய் ஒரே ஒரு தடவை, பேச வேண்டிய நேரத்தில் மூன்று வாரம் மூடிக்கிடந்தது. அதை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எங்கள் வேலை பார்க்கச் சின்னது. இரும்பு மேசை, அதில் எதிரெதிராக இரண்டு கத்தி, கீழே கால் மிதி. வேகவைத்து ஆறிய கொட்டையைக் கத்திகளுக்கு நடுவே பிடித்துக் காலால் மிதித்து, மேல்பிடியைத் திருப்பினால் ஓடு இரண்டாகப் பிளக்கும். ஊசியால் பருப்பைக் கெல்லி எடுத்துக் கூடையில் போட வேண்டும். ஓட்டுக்குள் இருக்கும் பால்தான் எமன். பட்ட இடமெல்லாம் தோலை அரித்துவிடும். எண்ணெய் தடவுவோம், சாம்பல் பூசுவோம். கையுறை போட்டால் கொட்டை வழுக்கும், பிடி தெரியாது என்று கழற்றி வைத்துவிடுவோம். இருபத்திரண்டு வருஷத்தில் என் விரல் நுனிகள் பாத்திரத்தின் அடிப்புறம் போலக் கறுத்து, வழவழவென்று ஆகிவிட்டன.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் மகளுக்கு மூன்று மாதம். முதல் வாரத்தில் ஒரு நாள், நாலு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் அவளைத் தூக்கிக் கன்னத்தைத் தொட்டேன். மறுநாள் விடிந்ததும் பார்த்தால் அந்தக் கன்னத்தில் இரண்டு கொப்புளம். அதுவரை என் அம்மாதான் குழந்தையைக் குளிப்பாட்டினாள். அன்றிலிருந்து அது என் கணவரின் வேலையாகிவிட்டது. அவர் பஸ் டிரைவர். காக்கி பேன்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு, காலை டியூட்டிக்குப் போகும் முன் காலை நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டுவார். நான் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு எட்ட நிற்பேன். ஒரு நாள்கூட அவர் முகம் சுளித்ததில்லை.

அந்த மகள் வளர்ந்து, கல்யாணமாகி, கடல் தாண்டிப் போய்விட்டாள். போன வருஷம் அவளுக்கு மூன்றாம் மாதம் என்று போன் வந்தது. மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. பிரசவத்துக்கு நீதான் வரணும் என்றாள். வராமல் வேறு யார் வருவார்கள் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

பாஸ்போர்ட் ஆபீசில் கண்ணாடி மேல் விரலை வைக்கச் சொன்னார்கள். கவுண்டரில் இருந்த பெண் கண்ணாடியைத் துடைத்தாள், என் விரலைத் துடைத்தாள், பத்து விரலையும் மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்தாள்.

"ரேகையே விழ மாட்டேங்குதும்மா. என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னேன். நல்ல பெண். மூன்று மாதம் அந்த வேலையைத் தொடாமல் இருந்தால் புதுத் தோல் வரும், அப்புறம் வாருங்கள் என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினாள். நீ எங்கே திருடினாலும் மாட்ட மாட்டாய் என்று என் கணவர் வழியில் கிண்டல் பண்ணிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதம் நின்றால் என் ஸ்டூலில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். விமான டிக்கெட்டே அந்த ஸ்டூலை நம்பித்தான் இருந்தது.

அந்த வாரம்தான் கொட்டகைக்குப் பச்சைப் பெயின்ட் அடித்த மெஷின் ஒன்று வந்து இறங்கியது. தானாகவே கொட்டையைப் பிடித்து, தானாகவே வெட்டி, ஓட்டையும் பருப்பையும் பிரித்துத் தள்ளும் மெஷின். அதைக் கொண்டுவரச் செய்தவர் எங்கள் ஃபிட்டர். அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். டீ கிளாசைக்கூட அளந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார் என்பார்கள். பேச்சும் அளவுதான்.

முதலாளியம்மா எங்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மூன்று வாரம் ஓட்டிப் பார்ப்பது. நொறுங்கும் பருப்பு கையால் உடைப்பதைவிட அதிகமாகாமல் இருந்தால் மெஷின் இருக்கும். நாங்கள் ஆறு பேரும் அதே சம்பளத்துக்கு உள்தோல் உரிக்கும் அறைக்குப் போகலாம். அங்கே ஓட்டுப்பால் கிடையாது, காய்ந்த பருப்பும் சின்னக் கத்தியும்தான். மெஷின் தேறாவிட்டால் திரும்பிப் போய்விடும்.

புத்தியுள்ளவளாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. நூறு கொட்டை உடைத்தால் தொண்ணூற்றைந்து பருப்பை முழுசாக எடுக்கிறவள் நான். என் இருபத்திரண்டு வருஷத்தை ஒரு பச்சைப் பெட்டி விழுங்குவதா? பக்கத்து ஸ்டூல் அக்காவிடம் பொரிந்து தள்ளினேன். மெஷின் பக்கம் ஒருத்தியும் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று ஆறு பேரும் பேசிவைத்துக்கொண்டோம்.

மெஷின் நூற்றுக்கு முப்பது பருப்பை நொறுக்கியது. எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். மில்லிமீட்டர் மெல்லிய தகடுகளைக் கத்தி இடுக்கில் செருகி அளந்தார், கூட்டினார், குறைத்தார். சாப்பாட்டு நேரத்தில்கூட மெஷினுக்குக் கீழேதான் படுத்திருந்தார். ஒன்றும் சரியாகவில்லை.

என்ன கோளாறு என்று எனக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. கோளாறு கத்தியிலேயே இல்லை. மெஷின் பெரிய வயிற்றுக்காரன். அதற்குத் தீனி போடும் அவசரத்தில், வேகவைத்த கொட்டையை அரை நாள்கூட ஆறவிடாமல் கொட்டினார்கள். உள்ளே சூடு இருக்கும்வரை பருப்பு உப்பிப்போய் ஓட்டைக் கட்டிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட கொட்டை கைக்கு வந்தால் நாங்கள் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். மெஷினுக்கு அது தெரியுமா? ஓட்டோடு சேர்த்துப் பருப்பையும் வெட்டியது.

தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. மகள் போன் பண்ணும்போதெல்லாம் கை எப்படி இருக்கிறது என்று கேட்பாள். ஏதாவது சொல்லி மழுப்புவேன்.

மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை லாரி வந்து மெஷினைத் திருப்பி எடுத்துப் போகும் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். மத்தியானம் நான் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது மில்லிமீட்டர் பக்கத்தில் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் தயாரானேன்.

"அக்கா, போன வருஷம் கேட்ல இருக்குற வருகை மெஷின ரிப்பேர் பாக்கச் சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? விரலை வைத்தால் எல்லோருக்கும் "நன்றி" என்று ஒரு பெண் குரல் சொல்லும். எங்கள் ஆறு பேருக்கு மட்டும் "மறுபடி முயற்சிக்கவும்" என்று சொல்லும். எங்களுக்காகவே வாட்ச்மேன் ஒரு கையெழுத்து நோட்டு வைத்திருந்தார். ஓட்டை மெஷின் என்று நான்தான் ஊரைக் கூட்டினேன்.

"மூணு தடவ பிரிச்சுப் பாத்தேன். அதுல ஒரு பழுதும் இல்ல. அப்புறந்தான் உங்க ஆறு பேர் கையையும் பாத்தேன்."

அவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வருஷமா முதலாளியம்மாகிட்ட நடையா நடந்து இந்த மெஷின வாங்க வச்சேன். ஓட வைக்கத்தான் தெரியல. மன்னிச்சுக்கோங்கக்கா."

என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. மூன்று வாரமாக இந்த மனுஷன் எனக்காகத் தரையில் கிடந்து புரண்டிருக்கிறார். நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். கையைக்கூடத் துடைக்காமல் அவரைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். மெஷினுக்குள் போகவிருந்த குவியலிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து அவர் காதருகே ஆட்டினேன். சத்தமே இல்லை. என் பெட்டியிலிருந்த நேற்றைய கொட்டை ஒன்றை ஆட்டினேன். உள்ளே பருப்பு லேசாகக் கடகடத்தது.

"சூடு முழுசா ஆறினாத்தான் பருப்பு ஓட்ட விடும். கத்திய விட்டுடுங்க. மொதல்ல கொட்டைய ஆறப் போடுங்க."

"எத்தனை மணி நேரம்?"

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பகல், ஒரு ராத்திரி என்றேன். இருபத்திநாலு என்று அவர் சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை கொட்டையைப் பரப்பிப் போட்டார்கள். திங்கட்கிழமை லாரிக்காரர் டீ குடித்துக்கொண்டே காத்திருக்க, முதலாளியம்மா முன்னால் மெஷினை ஓட்டினார்கள். நூறு கொட்டைக்கு நாலு பருப்பு நொறுங்கியது. என்னைவிட ஒன்று குறைவு. லாரி காலியாகத் திரும்பிப் போனது. பக்கத்து ஸ்டூல் அக்கா இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் உள்தோல் உரிக்கும் அறையில், சாப்பிடும்போது கை எரியவில்லை என்று அவளாகவே என் காதில் வந்து சொன்னாள்.

அதன் பிறகு என் விரல்களில் கறுத்த தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து உரிந்து விழுந்தது. அடியில் இளஞ்சிவப்பாக ஒரு தோல். தினமும் காலையில் கேட்டில் விரலை வைத்துப் பார்ப்பேன். "மறுபடி முயற்சிக்கவும்." வாட்ச்மேன் நோட்டை நீட்டுவார். பத்து வாரம் அப்படியே போனது. மகளுக்கு ஆறு மாதம் தாண்டிவிட்டது.

பதினோராவது வாரம் ஒரு புதன்கிழமை. வழக்கம்போல விரலை வைத்துவிட்டு நோட்டுக்குக் கை நீட்டினேன்.

"நன்றி" என்றது மெஷின்.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் நகரும்மா என்றார்கள். எனக்கு நகரத் தோன்றவில்லை. நீ ஏன் சொல்கிறாய், நானல்லவா சொல்ல வேண்டும் என்று அந்தப் பெட்டியைப் பார்த்தே சொன்னேன். பிறகு கொட்டகைக்கு ஓடினேன். மில்லிமீட்டர் மெஷினுக்குக் கீழே படுத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நாள் பூராவும் பேசுகிற எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. நன்றி என்றேன். அதைச் சொல்வதற்குள் அழுகையும் வந்துவிட்டது.

அவர் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"எத்தனாவது தடவைல எடுத்துச்சு?"

"மொத தடவைலயே."

அவர் முகம் முழுக்கச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பாஸ்போர்ட் வந்தது, விசா வந்தது. பிரசவத்துக்குப் பத்து நாள் முன்னால் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். பேரன் பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், மகள் வெந்நீர்த் தொட்டியைக் காட்டி, நீயே குளிப்பாட்டு, உனக்குத் தெரியாததா என்றாள். தையல் போட்ட வலி அவளுக்கு. நான் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன். ஒரு பிள்ளை பெற்றவள்தான். ஆனால் ஒரு குழந்தையைக்கூடக் குளிப்பாட்டியதில்லை.

என் கணவருக்கு போன் போட்டு, சத்தமாக வைத்துவிட்டுக் கேட்டேன். டிப்போவில் இருந்தார். கிண்டல் பண்ணுவார் என்று நினைத்தேன். பண்ணவில்லை.

"இடது கைய கழுத்துக்குக் கீழ குடு. தண்ணிய மொதல்ல கால்ல ஊத்து, அப்புறம் வயித்துல. அவன் அழுவான், நீ அழாத."

"கன்னத்துக்கு என்ன பண்றது?"

டிப்போவின் பஸ் சத்தத்துக்கு மேலே அவர் குரலை உயர்த்தினார்.

"கன்னத்தையும் உன் கையாலயே தேய்ச்சுக் குளிப்பாட்டு."

தேய்த்தேன். மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாகத் தொட்டிலுக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். இரண்டு கன்னத்திலும் ஒன்றுமில்லை. உடனே அவருக்கு போன் செய்து சொன்னேன். மில்லிமீட்டரிடமும் போய்ச் சொல்லச் சொன்னேன்.