ஒன்று நாற்பதுக்குள் கரை

நாற்பத்தேழு பவுண்டு அறுபது பென்ஸ். டினேயோ, காலின் ஹெஸ்லப்புக்குத் தரவேண்டிய பாக்கி அது. தேவாலயம் பார்க்கப் போனதில் பதினாலு. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்ததில் பதினைந்து பவுண்டு பத்து பென்ஸ். நாடகத்துக்குப் பதினெட்டரை. நாடகத்தில் பாதிக்குமேல் அவளுக்கு விளங்கவில்லை, ஆனால் விளங்காததற்காக யாரும் காசைக் குறைப்பதில்லை.

காசில்லாதவள் எதற்கு ஊர் சுற்றினாள் என்று கேட்கலாம். அவள் சுற்றவில்லை, சுற்ற வைத்தார்கள். ஆப்பிரிக்காவின் லெசோத்தோ மலைநாட்டிலிருந்து இங்கிலாந்துக்கு அவளைப் படிக்க அனுப்பிய அறக்கட்டளை ஒரு நிபந்தனை போட்டிருந்தது. வருஷத்துக்கு ஆறு பண்பாட்டுச் சுற்றுலா போகவேண்டும். ஒவ்வொன்றுக்கும் அட்டையில் கையெழுத்து வாங்கவேண்டும். ஆறும் நிரம்பிய அட்டை ஏப்ரல் பதினைந்துக்குள் போய்ச் சேர்ந்தால்தான் கடைசிப் பருவத்துப் பணம் வரும். வராவிட்டால் அறை வாடகை இல்லை, பரீட்சைக் கட்டணம் இல்லை, விமானம் ஏறவேண்டியதுதான்.

கையெழுத்துப் போடுகிறவன் காலின். அயல்நாட்டு மாணவர் சங்கத்தின் சுற்றுலாச் செயலாளர். அந்த ஊர்க்காரன், இரண்டாம் ஆண்டு மாணவன், இருபது வயதிலேயே பெரிய ஆபீசர் மாதிரி சட்டைப்பையில் கணக்கு நோட்டு வைத்திருப்பான். காசு கட்டியவர்களுக்கு மையில் கையெழுத்து, பாக்கி வைத்தவர்களுக்குப் பென்சிலில். பாக்கி தீர்ந்ததும் பென்சிலுக்கு மேலேயே பேனாவை ஓட்டிவிடுவான். டினேயோவின் அட்டையில் இரண்டு கையெழுத்து மை, மூன்று பென்சில். பென்சில் கையெழுத்தை அறக்கட்டளை ஏற்றுக்கொள்ளாது. அட்டையையும் அவனே வாங்கித் தன் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தான்.

ஆறாவது சுற்றுலா, கடல் நடுவே இருந்த ஹாரல் தீவுக்கு. அதற்குக் கட்டணம் கிடையாது, வேன் வாடகையைச் சங்கமே ஏற்றுக்கொண்டது. கடல் வற்றும்போது ஐந்து கிலோமீட்டர் மணலில் வெறுங்காலோடு நடந்து தீவுக்குப் போய், பழைய துறவிகள் மடத்தின் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு, தண்ணீர் திரும்புவதற்குள் நடந்தே வந்துவிடவேண்டும். ஆயிரம் வருஷமாக அப்படித்தான் போகிறார்களாம். வழி தெரிய மணலில் கம்பங்கள் நட்டிருந்தார்கள். நடுவழியில், நாலு மரக்கால்களின்மேல், ஏணி வைத்த ஒரு பெட்டிக் குடிசை நின்றது. மாட்டிக்கொள்கிறவர்களுக்காகக் கட்டியது. ஒருநாளும் அது சும்மா இருந்ததில்லை என்று வேன் ஓட்டி வந்தவர் சொல்லிச் சிரித்தார்.

மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறு. அந்த நாட்டில் அன்று விடிவதற்குள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். வருஷா வருஷம் அந்த ஞாயிறு பாதிப்பேர் எல்லாவற்றுக்கும் தாமதமாக வருவார்கள். காலினுக்கு அவர்களைக் கண்டால் இளப்பம். வாரம் முழுக்க எல்லோருக்கும் செய்தி அனுப்பி நினைவுபடுத்திக்கொண்டே இருந்தான். வேனில் ஏறியதும் நோட்டைத் திறந்து, ரெண்டு நாற்பதுக்குள்ள கரைக்கு வந்துடணும், மணி மாத்தினதையும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கேன், ஒருத்தரும் பயப்படவேண்டாம் என்று அறிவித்தான்.

ஒன்பது பேர் போனார்கள். டினேயோவுக்குப் பக்கத்தில் மாரோஷ் உட்கார்ந்தான். ஸ்லோவாக்கியாக்காரன், கழுத்தில் எப்போதும் கேமரா. அவன் நாட்டிலும் கடல் கிடையாது. அவள் ஊரில் அக்கா தங்கையை அழைக்கும் 'அவுசி' என்ற சொல்லை அவளிடமிருந்தே கற்றுக்கொண்டு அதையே அவளுக்குப் பெயராக்கிவிட்டான்.

"அவுசி, உங்க ஊர்ல ஆடு மலையேறும். எங்க ஊர்ல மாடு மலையேறும். நம்ம ரெண்டு பேரையும் நம்பிக் கடலு இன்னைக்கு வழிவிடுது பாரு" என்றான்.

வேன் நின்ற இடத்தில் ஒரு பலகை இருந்தது. மற்றவர்கள் செருப்பைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டிருந்தபோது டினேயோ அதை வாசித்தாள். எழுத்து எங்கிருந்தாலும் கடைசி வரி வரைக்கும் வாசிக்கிற பழக்கம் அவளுக்கு. தெரியாத நாட்டில் ஒரு வரியை விட்டால் ஒரு அபராதம் என்று பட்டுத் தெரிந்துகொண்டவள். பலகையில் தேதி இருந்தது. அதன்கீழே, இன்று பிற்பகல் ஒன்று நாற்பதுக்குள் கரை திரும்பவும் என்று இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், சின்ன எழுத்தில், நேரங்கள் புதிய கோடை நேரப்படி என்றும் இருந்தது.

போய்க் காலினிடம் சொன்னாள். ஒன்று நாற்பது என்று போட்டிருக்கிறதே என்று மட்டும் சொன்னாள்.

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது பழைய நேரம். எனக்கு வந்த தாள்லயும் ஒண்ணு நாப்பதுதான் இருந்துச்சு. நான் ஒரு மணி நேரம் கூட்டிட்டேன்" என்றான். பிறகு என்ன தோன்றியதோ, எல்லோருக்கும் கேட்கும்படி, "டினேயோ, முதல்ல பாக்கியக் கட்டு. அப்புறமா எனக்குக் கணக்குச் சொல்லிக் குடு" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். மாரோஷும்தான். கெட்ட எண்ணத்தில் சிரித்த சிரிப்பில்லை, சிரிக்கவேண்டிய இடம் என்பதால் வந்த சிரிப்பு. டினேயோவுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. அடியில் இருந்த அந்தச் சின்ன வரி நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் நாலு பேர் முன்னால் காலினின் முகத்தில் கரி. முகத்தில் கரியோடு அவன் பென்சிலுக்கு மேல் பேனா ஓட்டுவானா? அவள் வாயை மூடிக்கொண்டாள். கடன்பட்டவள் வாய்க்கு மற்றவர்கள் போடுகிற பூட்டைவிடத் தானே போட்டுக்கொள்கிற பூட்டு பெரிது.

போகும்போது மணல் இறுகலாக இருந்தது. குளிர் கணுக்கால் எலும்புக்குள் போய்க் குத்தியது. வானமும் மணலும் ஒரே சாம்பல் நிறம், எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறதென்று தெரியவில்லை. தூரத்தில் ஒரு மணல்திட்டில் கடல்நாய்கள் கிடந்து முனகின. ஆள் அழுவது போலவே இருந்தது அந்தச் சத்தம். பெட்டிக் குடிசையைத் தாண்டும்போது அதன் கால்களை டினேயோ பார்த்தாள். அவள் தலைக்கும் மேலே, இரண்டு ஆள் உயரம் வரைக்கும் பாசி ஏறியிருந்தது.

தீவில் மடத்தைப் பார்த்தார்கள். கூரையில்லாத சுவர்கள், தேய்ந்த படிகள். காலின் நோட்டைப் பார்த்துத் துறவிகளின் கதையைச் சொன்னான். முட்டை சாண்ட்விச் தின்று, பிளாஸ்கிலிருந்து டீ குடித்தார்கள். டினேயோவுக்கு டீ இறங்கவில்லை. பன்னிரண்டரை ஆனபோது தீவில் வேறு சுற்றுலாக்காரர் ஒருவரும் இல்லை என்பது அவள் கண்ணில் பட்டது. காலையில் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். காலினிடம் இன்னொரு தடவை சொல்லலாம் என்று எழுந்தாள். அவன் யாரையோ படமெடுக்க நிற்க வைத்துக்கொண்டிருந்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்றேகாலுக்குக் கிளம்பினார்கள்.

காலையில் அவர்கள் பதித்துவிட்டுப் போன காலடித் தடங்கள் இன்னும் மணலில் இருந்தன. இப்போது ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர் நின்றது. அலை வந்து நிரப்பியதல்ல, அடியிலிருந்து ஊறியிருந்தது. முன்னால் பார்த்தால் கரை வரைக்கும் மணல் வெறுமையாகத்தான் தெரிந்தது. கடல் வருவதென்றால் பின்னாலிருந்து அலையடித்துக்கொண்டு வரும் என்றுதான் அவர்கள் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது அப்படி வரவில்லை. பக்கவாட்டில் இருந்த தாழ்ந்த ஓடைகளில், சத்தமே இல்லாமல், நுரைகூட இல்லாமல், எண்ணெய் ஊற்றினாற்போல் ஏறியது. திட்டில் இருந்த பறவைகள் மொத்தமாக எழுந்து கரைப்பக்கம் போயின.

மாரோஷ் பின்தங்கினான். கடல்நாய்கள் திட்டை விட்டு இறங்கத் தொடங்கியிருந்தன, அவனுக்கு அந்தப் படம் வேண்டும். நீங்க நடங்க, அஞ்சு நிமிஷத்துல ஓடி வந்துர்றேன் என்றான். காலின் மணியைப் பார்த்து, ஒரு மணி நேரத்துக்குமேல் இருக்கிறது, வரட்டும் என்றான். டினேயோ அவன் பக்கம் திரும்பினாள். "வா மாரோஷ், இப்பவே வா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. "பயந்தாங்கொள்ளி அவுசி" என்று சிரித்துக்கொண்டே அவன் திட்டை நோக்கிப் போனான்.

குடிசைக்கு முந்நூறு அடி இருக்கும்போது முன்னால் இருந்த ஓடை முழங்கால் அளவு இருந்தது. இறங்கிப் பாதி கடப்பதற்குள் இடுப்பளவு ஆனது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏணிக்கு வந்து சேர்ந்தார்கள். காலின் கடைசியாக ஏறினான். மேலே வந்ததும் மணியைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான், மறுபடியும் மணியைப் பார்த்தான். ஒன்று ஐம்பத்தைந்து. உதடு வெளுத்துப்போயிருந்தது.

எட்டுப் பேர் இருந்தார்கள்.

மாரோஷ் திட்டின்மேல் நின்றான். திட்டுக்கும் குடிசைக்கும் நடுவே மணல் இல்லை. கேமராவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தான், முதலில் கையசைக்கிறான் என்றுகூட நினைத்தார்கள். காலின் போனில் கத்திக் கத்தி இடத்தைச் சொன்னான். திட்டு சுருங்கிக்கொண்டே வந்தது. மாரோஷ் தண்ணீரில் இறங்குவதை டினேயோ பார்த்தாள். கொஞ்ச தூரம் நீந்தினான். அப்புறம் நீந்துகிறானா மிதக்கிறானா என்று சொல்ல முடியவில்லை. ஹெலிகாப்டர் வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் குடிசையின் தரைப்பலகைக்குக் கீழே தண்ணீர் கால்மரங்களில் உரசுகிற ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மாரோஷை உயிரோடுதான் எடுத்தார்கள். ஆனால் கண் திறக்கவில்லை. திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று, புதன்கிழமை அவன் அம்மா வந்து சேர்ந்தாள். ஆங்கிலம் தெரியாதவள். ஆஸ்பத்திரி நடைவழியில் ஒவ்வொருவர் கையையும் பிடித்து ஏதோ கேட்டாள், டினேயோ கையையும் பிடித்தாள். என்ன கேட்டாள் என்று தெரியவில்லை. தெரிந்த மாதிரியும் இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பல்கலைக்கழகத்தில் விசாரணை. வியாழக்கிழமை சாயங்காலம் காலின் அவளைத் தன் அறைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினான். நாலு நாளில் அவன் முகம் பாதியாகியிருந்தது. மேஜைமேல் அவளுடைய அட்டை இருந்தது. ஆறு கட்டத்திலும் மை. பென்சில் ஒன்றுகூட இல்லை.

கரைக்காவல் ஆட்களிடம் பலகையை யாருமே பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டதாக அவன் சொன்னான். மற்றவர்கள் உண்மையிலேயே பார்க்கவில்லை, அவள் வந்து என்ன சொன்னாள் என்பதும் அவர்களுக்கு நினைவில்லை. இவள் ஒருத்திதான் மிச்சம். வேண்டுமென்றே செய்யவில்லை, ஒரு கூட்டல், ஒரே ஒரு கூட்டல் என்று மறுபடி மறுபடி சொன்னான்.

"உன் பாக்கிய அடிச்சிட்றேன் டினேயோ. நீ ஒண்ணும் தர வேணாம். அட்டைய எடுத்துட்டுப் போ. பலகையப் பத்தி மட்டும் பேசாத" என்றான்.

அட்டைக்குப் பக்கத்தில் நோட்டு திறந்து கிடந்தது. அவள் பெயர், நாற்பத்தேழு அறுபது. அதன்மேல் அவன் பேனா காத்திருந்தது.

காலையில் வருகிறேன், அதுவரை அதை அடிக்காதே என்று சொல்லிவிட்டு டினேயோ வெளியே வந்தாள். நேரே டோரீனின் மீன் வறுவல் கடைக்குப் போனாள். சனிக்கிழமைகளில் அங்கே எண்ணெய்ச் சட்டி தேய்க்கிற வேலை அவளுக்கு. இரண்டு வாரக் கூலியை முன்பணமாகக் கேட்டாள். அறுபதை நெருங்கிய டோரீன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாடகைக்கா கண்ணு?"

"இல்ல. ஒருத்தன்கிட்ட பேசணும். அதுக்கு."

டோரீன் கல்லாவைத் திறந்து ஐம்பது எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது, அந்த எண்ணெய்ச் சட்டி ரெண்டும் உனக்காகத்தான் காத்திட்டிருக்கும், மறந்துறாத என்றாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குக் காலின் அறைக் கதவைத் தட்டினாள். உட்காரச் சொன்னான், உட்காரவில்லை. இரண்டு இருபது, ஒரு ஐந்து, இரண்டு ஒரு பவுண்டு நாணயம், ஒரு ஐம்பது பென்ஸ், ஒரு பத்து பென்ஸ். ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தாள்.

அவன் பணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப என்ன சொல்லப் போற?"

"பலகையில இருந்தத. நான் ஒரு தடவ வந்து சொன்னத. அடியில ஒரு வரி இருந்துச்சு, அத நான் உன்கிட்ட சொல்லவே இல்ல. அதையும் சொல்லுவேன்."

"உன்னையும் சேத்துத்தான கேப்பாங்க."

"கேக்கட்டும்."

காலின் மெதுவாக அட்டையைத் தன் பக்கம் இழுத்து, இழுப்பறைக்குள் போட்டு மூடினான். டினேயோ அந்த இழுப்பறையைப் பார்த்தாள். கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் தேதி பதினைந்து வந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

"கணக்க முடி" என்றாள். "பத்து மணிக்கு நான் அங்க இருக்கணும்."

அவன் காசை எண்ணினான். முதலிலிருந்து மறுபடியும் எண்ணினான். அப்புறம் பேனாவை எடுத்து, அவள் பெயருக்கு நேராக வரவு என்று எழுதி, நாற்பத்தேழு அறுபதின் குறுக்கே ஒரு கோடு போட்டான்.