வண்டி தானாக நின்ற இடம்

கிடங்கின் கூரையில் வெள்ளைப் பெட்டிகளைப் பொருத்தி முடித்த டெக்னீஷியன் பெண் ஏணியிலிருந்து இறங்கினாள். சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஓட்டுநர் அதில் ஏறாமல் பக்கத்திலேயே நின்றிருந்தான். விபத்துக்குப் பிறகு அவன் அதைத் தொடவே இல்லை. அன்று மூலையில் திரும்பியபோது, ரேக்குக்குப் பின்னாலிருந்து வந்த ஆளை அவன் பார்க்கவில்லை. வந்தது அவனுடைய மாமா; கூடப் பிறந்த அக்காவின் கணவர். அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அடிபட்டவர் பிழைக்கவில்லை.

அவன் மேல் தப்பில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். சின்னப் பெண்ணோடு தனித்துப்போன அக்காவுக்குப் பேக்கிங் பிரிவில் வேலை கொடுத்தார்கள். அக்கா அவனைத் திட்டவில்லை. பேசவுமில்லை. அவன் அந்தப் பக்கம் போனால் மேசையில் ஒட்டியிருக்கும் டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பாள். நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருந்தால் தேவலை என்றிருக்கும் அவனுக்கு.

எல்லோரையும் கூட்டி வைத்து டெக்னீஷியன் விளக்கினாள்.

"இதுவும் ரேடியோதான். ஆனா ரொம்பச் சின்னச் சின்னத் துடிப்பா வரும். நீங்க கழுத்துல மாட்டிக்கப்போற இந்த டேக்லேர்ந்து மேல இருக்கற பெட்டிங்களுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாச்சுன்னு பாத்து, நீங்க எங்க நிக்கறீங்கன்னு ஒரு சாண் பிசகாம சொல்லிடும்."

"இவ்ளோ இரும்பு இருக்கே, பட்டுப் பட்டுத் திரும்பாதா?" என்றார் சூப்பர்வைசர்.

"திரும்பும் சார். ஆனா நேரா வர்றது முந்திக்கும், எதிரொலி பின்னாலதான் வரும். துடிப்பு சின்னதுங்கறதால ரெண்டும் கலக்காது."

"அப்ப டீ குடிக்க நழுவினாலும் மாட்டிக்குவோம்" என்றான் ஒரு பேக்கிங் ஆள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"ரேக்குக்குப் பின்னால ஆள் வந்தா?" என்று கேட்டாள்.

"ஓட்டறவர் கண்ணுல படலைன்னாலும் வண்டிக்குத் தெரிஞ்சிடும்மா. தானா நின்னுடும்."

"இது எவ்வளவு காலமா இருக்கு?"

"நாலஞ்சு வருஷமாவே நிறைய எடத்துல..." என்று ஆரம்பித்தவள், சூப்பர்வைசர் தலை குனிவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

முதலில் தள்ளுவண்டியில் டேக்கை மாட்டி, சூப்பர்வைசரே ஃபோர்க்லிஃப்டை ஓட்டிப் பார்த்தார். சரியாக நின்றது. அடுத்து ஆளை வைத்துப் பார்க்க வேண்டும். யாரும் முன்னால் வரவில்லை. அக்கா டேக்கை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"நீங்க வேண்டாம்மா" என்றார் சூப்பர்வைசர்.

"நான் நடக்கறேன். அவன் ஓட்டட்டும்."

"அக்கா, என்னால முடியாது" என்றான் தம்பி.

"முடியும். ஏறு."

இத்தனை நாளில் அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஏறினான். பிரேக்கைத் தொடக் கூடாது என்று டெக்னீஷியன் சொல்லியிருந்தாள். மெதுவாக மூலையில் திரும்பினான். அக்கா கண்ணில் படுவதற்கு முன்பே சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. அதன் பிறகுதான் ரேக்கின் மறைவிலிருந்து அவள் வெளியே வந்தாள்.

அவளுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு இடம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ்ளோதான். இவ்ளோ எடந்தான் அவருக்கு வேண்டியிருந்துச்சு" என்றாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவன் இறங்கி வந்தான். தொடலாமா கூடாதா என்று தெரியாமல், கொஞ்சம் தள்ளி அவனும் உட்கார்ந்தான். டெக்னீஷியன் லேப்டாப்பை மூடிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அக்காவே பேச்செடுத்தாள்.

"நீ ஏன் வீட்டுக்கு வர்றதில்லன்னு பாப்பா கேட்டுக்கிட்டே இருக்கா."

"வரட்டுமாக்கா?"

அவள் பஸ் வரும் திசையைப் பார்த்தாள்.

"வா. இன்னைக்கு வேண்டாம். இன்னைக்கு உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்னால சோறு போட முடியாது."

அவன் தலையாட்டினான். பஸ் வந்தது. அவள் ஏறி, அவன் நிற்காத பக்கத்து ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். அவனும் போக வேண்டிய பஸ்தான். ஏறாமல், அடுத்ததற்காக நின்றான்.