கொப்பேர் மரப் பெட்டி

2021 டிசம்பர் வெள்ளத்தில் மலேசியாவின் கிள்ளானில் மிதந்த சவப்பெட்டிகளில் ஒன்று இன்னும் தரைக்கு இறங்கவில்லை. தண்ணீர் நின்ற அதே ஏழடி உயரத்தில், ஜெயராஜின் சவப்பெட்டிக் கடை வாசலில், அது அந்தரத்தில் நிற்கிறது. உள்ளே அவருடைய மகள் வலேரி இருக்கிறாள், உயிரோடுதான்.

அந்தப் பெட்டிக்கான மரம் கேரி தீவிலிருந்து வந்தது. என்ன மரம் என்று கொண்டுவந்த லோரிக்காரர் சின்னையாவுக்கும் தெரியவில்லை, அறுத்துக் கொடுத்தவருக்கும் தெரியவில்லை. மெதடிஸ்ட் கோயிலில் வேதபாடம் வாசிக்கிறவரான ஜெயராஜ், நோவா பேழை செய்த மரத்தின் பெயரைச் சாக்பீஸால் பலகையில் எழுதிவைத்தார்: கொப்பேர். அது எந்த மரம் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது என்பதுதான் வேடிக்கை. வலேரிகூடச் சிரித்தாள். வெள்ளம் வந்தபோது மோட்டார் விபத்தில் ஒடிந்த காலில் அவளுக்கு மாவுக்கட்டு இருந்தது, கூரைக்கு ஏற முடியாது. ஜெயராஜ் அவளைத் தூக்கி அந்தப் பெட்டியில் உட்காரவைத்து, பெட்டியில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு தான் மட்டும் கூரையில் ஏறினார். மூடியை அவர் தொடவில்லை. நோவாவை உள்ளே விட்டுக் கர்த்தர் கதவை அடைத்ததுபோல, அது தானாக மூடிக்கொண்டது.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. மற்ற பெட்டிகள் சேற்றில் படுத்தன, இது இறங்கவில்லை. ரம்பங்கள் பல் முறிந்தன. விளையாட்டுக்கு எழுதிய எழுத்தை ஜெயராஜ் தன்னைத் திட்டிக்கொண்டே துடைத்தார். எழுத்து அழிந்தது, அவ்வளவுதான். "அப்பா, தண்ணி வடிஞ்சிருச்சா?" என்று உள்ளிருந்து கேட்டாள் வலேரி. வடிந்துவிட்டது என்றார். "அப்புறம் ஏன்பா தொறக்க மாட்றீங்க?" பசியில்லை, வலியில்லை, இருட்டுதான் தாங்க முடியவில்லை என்று சொல்லி ஒரு வருடம் முழுக்கத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

மரத்தின் பெயருக்கு அர்த்தம் தெரிந்தால் அறுக்கும் வழியும் தெரிந்துவிடும் என்று நம்பி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எபிரேயம் கற்பித்து ஓய்வுபெற்ற புஷ்பவல்லி டீச்சரிடம் போனார். சைப்ரஸ் என்று சிலர் சொல்வார்கள், தாரைக் குறிக்கும் சொல்லுக்கு உறவு என்று சிலர், பாபிலோன் பக்கத்து நாணல் என்று சிலர், மரமே இல்லை, பலகையை இழைக்கும் முறை என்று வேறு சிலர். ஒவ்வோர் அர்த்தத்துக்கும் ஒரு கருவியோடு ஜெயராஜ் ஏணியில் ஏறினார். பெட்டியில் ஒரு கீறல்கூட விழவில்லை. கடைசி முறை போனபோது டீச்சர் புத்தகத்தை மூடிவைத்தார். "ஒரு வார்த்த ரெண்டு எடத்துல வந்தாத்தான் ஒண்ண வச்சு ஒண்ணப் புரிஞ்சிக்கலாம் பிரதர். இது முழு வேதத்துலயும் ஒரே தடவதான் வருது. இனிமே யாருக்கும் தெரியப்போறது இல்ல." கொமுட்டர் ரயிலில் கிள்ளான் வரைக்கும் ஜெயராஜ் அழுதுகொண்டே வந்தார்.

அன்று மாலை வலேரி வழக்கம்போலக் கேட்டாள். "தண்ணி மறுபடி ஏறிருச்சும்மா," என்றார். "இப்பத் தொறந்தா உள்ள வந்துரும்." அவள், "அப்ப நீங்க ஏன்பா கீழ நிக்கிறீங்க? கூரைக்குப் போங்க," என்றாள். அதற்குப் பிறகு அவள் தட்டவில்லை.

பக்கத்து மசாலாக் கடை இராஜம்மாதான் முதலில் ஒரு வாளித் தண்ணீரைப் பெட்டியின் அடியில் வீசினாள், வெள்ளம் இன்னும் இருப்பது வலேரிக்குக் கேட்கட்டும் என்று. இப்போது தெருவே முறை வைத்து வீசுகிறது. உயரமான லோரிகள் பெட்டியில் இடிக்காமல் அடுத்த தெரு வழியாகப் போகின்றன. குழாய்த் தண்ணீர் வெட்டு அறிவிக்கும் நாட்களில், குடிக்கப் பிடிப்பதற்கு முன்னால், வலேரிக்கென்று இரண்டு வாளி பிடித்து வைத்துவிடுகிறார்கள்.