சாமி கிளம்பவில்லை

விடிவதற்கு முன்பே இரும்புக் குவியல் மேல் ஏறிவிட வேண்டும். வெயில் வந்துவிட்டால் தகரத்தில் கை வைக்க முடியாது. நசுங்கிய டிரம், சைக்கிள் சட்டம், தண்டவாளத் துண்டு எல்லாம் கலந்து கிடக்கும். அதைச் சம்மட்டியால் உடைத்து உலைக்குக் கூடையில் சுமப்பது எங்கள் வேலை, பெண்களின் வேலை. அடிக்கிற அடி தோளில் ஏறிப் பல்லில் வந்து நிற்கும்.

குவியல் உச்சியில் நின்றால் ஜம்ஷெட்பூர் முழுக்கத் தெரியும். கர்காய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய ஆலையின் புகைபோக்கிகள். அவர்கள் கொதிக்கிற உலைக் கசடைக் கொட்டும்போது பாதி வானம் சிவந்துவிடும். மரம் வைத்த தெரு, பூங்கா, ஆஸ்பத்திரி எல்லாம் அந்தப் பக்கம்தான். இந்தப் பக்கம் ஆதித்யபூர், தகரக் கூரைப் பட்டறைகள், புகைக்குள் புகை. எல்லாவற்றுக்கும் பின்னால் தல்மா மலை தன் சாலமரக் காட்டோடு கறுத்துப் படுத்திருக்கும். காட்டில் தீனி குறைந்தால் யானை இறங்கிவிடும். போன மாதம் எங்கள் குடிசைப் பக்கம் வந்து, ஒரு சுவரைத் தள்ளி, பானை அரிசியைத் தின்றுவிட்டுப் போனது.

நான் பயந்தாங்கொள்ளி. ஜாம்பி என்று என் பெயரைச் சொன்னாலே பட்டறையில் சிரிப்பார்கள். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போகிறவள். ஆனால் யானைக்கு நான் அவ்வளவு பயப்படவில்லை. யானை வந்தால் தகரம் தட்டலாம், பந்தம் காட்டலாம், ஓடலாம். நான் பயந்தது பட்டறைக் கூரையடியில் ஓடுகிற கிரேனுக்கு. அது உருகிய இரும்பைத் தொட்டியில் சுமந்து வரும். அடியில் நின்று அந்தத் தொட்டியை அச்சில் சாய்க்கிறவன் என் புருஷன் சிங்ராய்.

கிரேனின் கம்பிவடம் நைந்துவிட்டது. அறுந்த இழைகள் பூனை மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. மழைக்காலம் தொடங்கியபோது ஒருநாள் வடம் வழுக்கித் தொட்டி ஆடியது. தெறித்த இரும்பில் மேச்சோ என்கிற பையனின் கால் முழங்காலோடு போயிற்று. அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே வேலைக்கு உள்ளே விடுகிற அவனுடைய கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

விசுவகர்மா பூஜைக்கு முந்தின நாள், பந்தல் வேலையைப் பார்க்க முதலாளி பன்வாரி பாபு வந்தார். கிரேன் ஓட்டுகிற பாசுகி அண்ணன் அவர் முன்னால் போய் நின்றார்.

"பாபு, அந்த வடம் தாங்காது. மாத்திடுங்க."

"தாங்காதுன்னு உங்கிட்ட வந்து சொல்லுச்சா?"

"மேச்சோகிட்ட சொல்லுச்சே."

பாபுவின் முகம் சுண்டியது. "தீபாவளி கழியட்டும், பாத்துக்கலாம். ஆர்டர் தலைக்கு மேல நிக்குது."

"எங்க தலைக்கு மேல நிக்கிறது வேற, பாபு."

"நிக்க இஷ்டமில்லேன்னா பாஸைக் குடுத்துட்டுப் போ. கேட்டுக்கு வெளிய எத்தன பேர் காத்துக் கிடக்கான் தெரியும்ல?"

தெரியும். நாங்கள் எல்லோரும் கான்ட்ராக்ட் ஆட்கள். ஆளுக்கொரு பக்கமாக வேலைக்குத் திரும்பினார்கள். நானும்தான்.

சாயங்காலம் வீட்டில் சிங்ராயிடம் அழுதேன். "நீ வேலைக்கே போவாத மனுசா."

"போகாம? நீ மலைக்குப் போயி யானைகிட்ட அரிசி வாங்கிட்டு வர்றியா?" என்று சிரித்தான். பீடியை எரிகிற பக்கமாக வாயில் வைக்கப் போனதைப் பார்த்துவிட்டேன். அவனுக்கும் பயம். அது தெரிந்த பிறகு எனக்கு இன்னும் மோசமாகிவிட்டது.

பூஜையன்று கேட்டைத் திறந்துவிடுவார்கள். பெண்டு பிள்ளைகள் எல்லாரும் உள்ளே வந்து எந்திரங்களைப் பார்க்கலாம், கிச்சடி தின்னலாம். மண் யானை மேல் எந்திரங்களின் சாமி விசுவகர்மா உட்கார்ந்திருந்தார். பாபு தானே ஆரத்தி எடுத்து, கிரேன் கொக்கிக்குச் சாமந்தி மாலை போட்டு, குங்குமம் வைத்தார். சாமி இருக்கும்வரை எந்திரத்தைத் தொடக் கூடாது. ஆற்றில் கரைக்கத் தூக்கிய பிறகுதான் சுவிட்சில் கை வைக்கலாம். மீறித் தொட்டால் அந்த எந்திரம் ரத்தம் கேட்கும் என்பார்கள். பாபு இதில் எங்களைவிடக் கண்டிப்பு. மாலையும் குங்குமமுமாகத் தொங்கிய கொக்கியைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பலியாட்டின் நினைவுதான் வந்தது. அந்த ஆடு என் புருஷன்.

மறுநாள் காலையில் தெருவெல்லாம் மேளம். ஒவ்வொரு பட்டறைச் சாமியும் லாரியில் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் சாமியைத் தூக்க, அது உட்கார்ந்த பலகைக்கு நாலு பேர் குனிந்தார்கள். அதில் சிங்ராயும் ஒருவன்.

"சீக்கிரம், சீக்கிரம்! சாமி கிளம்பினதும் உலையை மூட்டணும்," என்றார் பாபு.

என் கால் எப்படி நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. துணிச்சல் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். பயம் முற்றிப் போனால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. பலகை மேல் ஏறி, மண் யானையின் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"ஏய், என்ன இது? எறங்கு!"

"சாமி இன்னிக்குக் கெளம்பாது பாபு." என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "புது வடம் வரட்டும். அப்பத்தான் கெளம்பும்."

"பைத்தியமா பிடிச்சிருக்கு? சிங்ராய், உன் பொண்டாட்டியை இழுத்து வெளிய போடு!"

சிங்ராய் அசையவில்லை. பலகையில் வைத்த கையை எடுக்கவும் இல்லை. தூக்கிவிடுவானோ என்று எனக்கு உயிரே போயிற்று.

பாசுகி அண்ணன் மெல்ல வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "மேச்சோவுக்கும் ஏதாச்சும் வழி பண்ணணும் பாபு. அதுவரைக்கும் சாமி இங்கயே இருக்கட்டும்." பிறகு குவியலில் என்னோடு சம்மட்டி பிடிக்கிற பெண்கள் வந்தார்கள். அச்சு வார்க்கிறவர்களும் வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், திருட வந்தவர்கள் போலத்தான் உட்கார்ந்தார்கள். அத்தனை பயம்.

"சாமி இருந்தா என்னடா? நானே போடறேன்!" பாபு விடுவிடென்று கிரேன் சுவிட்சுக்குப் போய்க் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. சாமியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு கையை இறக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டார். பட்டறை முழுக்க அதைப் பார்த்துவிட்டது.

"போலீஸைக் கூப்பிடறேன். ஒருத்தன் பாஸும் மிஞ்சாது!" என்று கத்திக்கொண்டே ஆபீஸுக்குள் போனார். வருவார்கள்தான். லத்தி நினைப்பில் யானையின் காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் சிங்ராய் பலகையிலிருந்து கையை எடுத்தான். என் தோளோடு ஒட்டி உட்கார்ந்தான். "பயந்தாங்கொள்ளிச் சிறுக்கி," என்றான் மெதுவாக.

வெளியே ஒரு மேளம் எங்கள் கேட்டுக்கு நேரே நின்றது. பக்கத்துப் பட்டறை லாரி. "என்னாச்சு, உங்க சாமி இன்னும் கெளம்பலியா?" என்று எட்டிப் பார்த்தார்கள். பாசுகி அண்ணன் நாலு வார்த்தையில் சொன்னார்.  பிறகு லாரியின் பின்கதவைக் கீழே இறக்குகிற சங்கிலிச் சத்தம் கேட்டது; தங்கள் சாமியைப் பலகையோடு இறக்கினார்கள்.

தூரத்தில் ஜீப் உறுமியது. சிங்ராய் எழுந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினான்.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி உட்காருங்கப்பா, இன்னொரு சாமி வருது!"