காற்றுக்குக் கைநாட்டு

மனைவியின் வலது கை விரல்களை மடக்கி வைக்க முடியாமல் டெய்லர் மாஸ்டர் திணறிக்கொண்டிருந்தபோது, அவளுடைய அலுவலக மேற்பார்வையாளர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கையில் வெள்ளைப் பூக்கள். தோளில் அலுவலகப் பை.

உயிர் போய் மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. விடியும்போது மகள்தான் முதலில் கவனித்தாள். டாக்டர் வந்து நாடி பார்த்து, ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மாஸ்டர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முன்னறையில் இருந்த தையல் மெஷினை மூலைக்குத் தள்ளி, அந்த இடத்தில் கட்டிலைப் போட்டிருந்தார்கள். தரையில் இன்னும் நூல் துணுக்குகள் கிடந்தன. பெருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மேற்பார்வையாளர் பூக்களைக் கால்மாட்டில் வைத்தார். கண் நிறைந்திருந்தது. அது நிஜமான கண்ணீர்தான் என்று மாஸ்டருக்குப் பட்டது.

"ஒன்பது வருஷம் மாஸ்டர். இவங்க பாத்து சரின்னு சொல்லாம எங்க ஆபீஸ்ல ஒரு துரும்பு நகர்ந்ததில்ல."

"சரிங்க" என்றார் மாஸ்டர்.

அந்த வார்த்தைதான் அவருக்கு எப்போதும் முதலில் வரும். சட்டை தைக்கக் கொடுத்தவர் தானே தப்பாக அளவு சொல்லிவிட்டு வந்து சத்தம் போட்டாலும், சரிங்க என்று வாங்கிப் பிரித்துத் தைப்பவர். வீட்டில் வாய் என்பது மனைவியுடையது. ஊரில் அவளுக்கு 'மறுபடியம்மா' என்று பெயர். நாடு முழுக்க ஒவ்வொரு தெருவுக்கும் இணையம் கொண்டுவரும் அரசுத் திட்டத்தில் அவள் சரிபார்ப்பாளர். கேபிள் இழுத்து முடித்த தெருவுக்கு நேரில் போவாள். கம்பத்துப் பெட்டியைத் திறந்து பார்ப்பாள். நாலு வீட்டில் ஏறி வேகத்தைச் சோதிப்பாள். எல்லாம் சரியாக இருந்தாலும், "மறுபடி ஒரு தடவை பாத்துடலாம்" என்பாள். அதன்பிறகுதான் அலுவலகக் கருவியில் பெருவிரலை வைப்பாள். விரல் வைத்ததும் வரைபடத்தில் அந்தத் தெரு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும்.

பதினான்கு தெருக்களுக்கு மட்டும் அவள் விரல் வைக்கவில்லை. பெட்டிகள் மாட்டியிருந்தார்கள், புதுப் பெயிண்டுடன். உள்ளே கேபிள் இல்லை. அவள் படுக்கையில் விழுந்த இந்த இரண்டு மாதமும் அந்தப் பதினான்கும் சிவப்பாகவே நின்றன. போன வாரம் மேற்பார்வையாளர் கருவியோடு படுக்கையருகே வந்தபோது, கையைத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட உடம்பு. குரல் மட்டும் குறையவில்லை.

"பெட்டி இருக்கு சார். திறந்து பாத்தா உள்ள காத்துதான் இருக்கு. காத்துக்கெல்லாம் நான் கைநாட்டு வைக்கிறதில்ல."

இப்போது அந்தக் கை தலையணைக்கு அடியில் இல்லை. போர்வைக்கு மேலே, உள்ளங்கை விரிந்து கிடந்தது. மேற்பார்வையாளரின் பார்வை அதிலேயே போய்ப் போய் நின்றது.

"மாஸ்டர், கொஞ்சம் இப்படி வாங்களேன்."

சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். மனைவியின் தம்பியும் கூடவே வந்து நின்றான். அக்கா இறந்த செய்தி கேட்டு முதல் பஸ் பிடித்து வந்தவன். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நாளைக்கு நாடு முழுக்க நூறு சதவீதம்னு அறிவிக்கிறாங்க. எங்க வட்டத்துல மட்டும் பதினாலு தெரு சிவப்பு. எனக்கு மேல இருக்கறவங்க நேத்து ராத்திரியிலிருந்து என்னைத் தூங்க விடல." அவர் பையின் ஜிப்பைப் பாதி இழுத்தார். உள்ளே கறுப்பாக ரேகைக் கருவி தெரிந்தது. "ஒரு நிமிஷ வேலை மாஸ்டர். நேரம் ஆக ஆக ரேகை எடுக்காது. சூடு இருக்கும்போதே..."

முடிக்கவில்லை. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

மாஸ்டர் திரும்பிக் கட்டில் பக்கம் பார்த்தார்.

"அதெப்படிங்க?" என்றார். "அவதான் போயிட்டாளே."

"நமக்குத்தான் போயிட்டாங்க. கம்ப்யூட்டர்ல அம்மா இன்னும் உயிரோடதான் இருக்காங்க. இறப்பைப் பதிஞ்சாத்தான் அவங்க ரேகையும் சாகும். அதுவரைக்கும் செல்லும்." குரலை இன்னும் தாழ்த்தினார். "பொண்ணு படிச்சிட்டு வீட்ல இருக்கு. அம்மா இடத்துல வாரிசு வேலைக்கு நானே எழுதறேன். என் வார்த்தை."

மைத்துனன் மாஸ்டரின் தோளைத் தொட்டான். "யோசிக்காதீங்க மாமா. அக்கா இனிமே வந்து கேக்கப் போறதில்ல. பாப்பாவுக்கு ஒரு வழி பிறக்கும்ல?"

மகள் எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. கதவோரம் நின்றிருந்தாள்.

"அந்த வேலையில சேந்து நானும் இதைத்தான் பண்ணணுமா மாமா?"

"சின்னப் பொண்ணு, சும்மா இரு."

மாஸ்டர் யாரையும் பார்க்கவில்லை. அந்தப் பதினான்கு தெருக்காரர்களை நினைத்தார். பள்ளிக்கூடத்தில் இடம் கேட்பதிலிருந்து ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்குவதுவரை எல்லாம் இணையத்தில்தான் என்றாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் கடைத்தெருவரை நடக்கிறார்கள். ஒருமுறை பச்சையாகிவிட்டால் முடிந்தது. பிறகு யார் என்ன மனு எழுதினாலும், உங்கள் தெருவில்தான் வசதி இருக்கிறதே என்ற பதில் மட்டும் வரும். அவள் இதைச் சோற்றைப் பிசைந்துகொண்டே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அவரும் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்டிருக்கிறார்.

"சரிங்க" என்றார்.

மைத்துனன் பெருமூச்சு விட்டான். மேற்பார்வையாளர் ஜிப்பை முழுதாக இழுத்தார்.

"இருங்க. எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கு. முடிச்சிட்டு வந்துடறேன்."

"இப்பவா மாஸ்டர்?"

"இப்பதாங்க."

கட்டிலைத் தாண்டும்போது மகளிடம் குனிந்து, "அம்மா கையை விடாதே. யார் சொன்னாலும் விடாதே" என்றார். அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து, அம்மாவின் வலது கையை இரண்டு கைகளுக்கு நடுவே வைத்து மடியோடு அணைத்துக்கொண்டாள்.

கடைத்தெருவில் சேவை மையம் அப்போதுதான் திறந்திருந்தது. மையத்துப் பெண் ஸ்கிரீனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க வேகமாக நடந்து வந்த மாஸ்டரைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்தாள்.

"என்ன மாஸ்டர், அம்மாவுக்கு முடியலையா?"

அவர் சீட்டைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். அவள் படித்தாள். படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழுவுறதெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்மா. முதல்ல இதைப் பதிஞ்சு குடு. சீக்கிரம்."

"இதுக்கென்ன மாஸ்டர் அவசரம்? மூணு வாரம் டைம் இருக்கு. காரியம் முடிச்சிட்டு..."

"அவ கையை எடுத்து மெஷின்ல வைக்க வீட்ல ஆள் வந்து உக்காந்திருக்கு."

அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவள் குடியிருந்ததும் பதினான்கில் ஒரு தெருதான். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தட்டத் தொடங்கினாள். பெயர், வயது, இறந்த நேரம், இறந்த இடம்.

"இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?"

"புருஷன்."

"நீங்க புருஷன் மாஸ்டர். அவங்க?"

"அட ஆமா. பொண்டாட்டி."

இருவருக்குமே ஒரு கணம் சிரிப்பு வந்தது. உடனே அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"தொழில்... இந்தப் பட்டியல்ல சரிபார்ப்பாளர்னு இல்லையே. இல்லத்தரசின்னு போட்டா சட்டுனு போயிடும்."

"போடாதே."

அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "ஒரு நாளைக்கு முப்பது தெரு நடந்தவ. இல்லத்தரசி இல்ல. வேற வழி இருக்கான்னு பாரு."

அவள் பட்டியலின் கடைசிவரை போய், 'மற்றவை' என்பதைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். சரிபார்ப்பாளர்.

"இப்ப உங்க பெருவிரல்."

வைத்தார். கருவி சிவப்பு காட்டியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடி சிவப்பு. நாற்பது வருஷம் ஊசி குத்தி, துணி தேய்த்து, விரலில் ரேகை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

"இன்னும் ஒரு தடவைதான் மாஸ்டர். அதுவும் எடுக்கலைன்னா பூட்டிக்கும். நாளைக்குத்தான் திறக்கும்."

மாஸ்டர் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். ஊசி எந்த விரலைத் தொடாமல் விட்டிருக்கிறது? துணியைப் பிடிப்பது, தள்ளுவது, மடிப்பது, கத்தரி போடுவது என்று ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வேலை இருந்தது. இடது சுண்டுவிரல் மட்டும் எப்போதும் எட்டத் தூக்கிக்கொண்டே நிற்கும்.

"சுண்டுவிரலை ஏத்துக்குமா?"

"பத்து விரலும் பதிவுல இருக்கு. வைங்க."

வைத்தார். கருவி யோசித்தது. பச்சை எரிந்தது.

ஸ்கிரீனில் மனைவியின் படம் வந்தது. அதற்குக் கீழே ஒரு கேள்வி: மேற்கண்ட நபர் இறந்துவிட்டார் என உறுதி செய்கிறீர்களா?

காலையிலிருந்து அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. போயிட்டா என்றார், இல்லை என்றார். எங்கேயோ தெருப்பக்கம் பெட்டி திறந்து பார்க்கப் போனவளைச் சொல்வதுபோலவே சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம்மா" என்றார்.

படத்தில் அவள் போட்டிருந்தது அவர் தைத்த ரவிக்கை. கழுத்து இடது பக்கம் ஒரு நூலளவு ஏறியிருந்தது. இத்தனை நாளாக அவர் கவனிக்கவே இல்லை. எதையும் இரண்டு தடவை பார்க்கிறவள், கண்ணாடிமுன் நின்று இதைப் பார்க்காமலா இருந்திருப்பாள்? ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்த ரவிக்கையைத்தான் படம் எடுக்கவும் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.

"நான் அமுக்கட்டுமா மாஸ்டர்?"

"வேணாம். எங்க அமுக்கணும்னு காட்டு."

அவரே அழுத்தினார். படம் சாம்பல் நிறமாக மாறியது.

வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். உள்ளே மகள் அதே இடத்தில், அதே கையோடு இருந்தாள். உதடு வெளுத்திருந்தது. மைத்துனன் ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். மேற்பார்வையாளர் எழுந்தார்.

"பொண்ணு விடவே மாட்டேங்குது மாஸ்டர். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"இப்ப வச்சுப் பாருங்க. விடும்மா, சார் வைக்கட்டும்."

மகள் திடுக்கிட்டுப் பார்த்தாள். அப்பாவின் கண்ணைப் பார்த்தபிறகு மெதுவாகக் கையை விட்டாள். ஆனால் மேற்பார்வையாளர் விரலைத் தொடவில்லை. கருவியில் இறந்தவளின் பணி எண்ணை மட்டும் தட்டினார். பார்த்தார். மறுபடி தட்டினார்.

"பதிஞ்சுட்டு வந்துட்டீங்களா?"

"பதிஞ்சாச்சுங்க."

"என்ன காரியம் பண்ணிட்டீங்க மாஸ்டர்! பதினாலும் சிவப்பாவே நிக்கும். புது ஆளைப் போட்டு, அவன் ஒவ்வொரு பெட்டியா முதல்லேருந்து திறந்து பாக்கணும்."

"பாக்கட்டும்."

"நாளைக்கு நூறு சதவீதம்னு சொல்லணும். நான் என்ன பதில் சொல்றது?"

"நம்ம வட்டம் தொண்ணூத்தெட்டுன்னு சொல்லுங்க. உண்மைதானே?"

வாசலில் யாரோ குபீரென்று சிரித்து, சாவு வீடென்று நினைவு வந்து இருமினார்கள். மேற்பார்வையாளர் கருவியைப் பைக்குள் போட்டார். போகும்போது கட்டிலருகே ஒரு கணம் நின்றார். பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

"பாப்பா வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே மாமா" என்றான் மைத்துனன்.

"போடா மாப்ள" என்றார் மாஸ்டர், கோபமில்லாமல். "வந்து கால் பக்கம் பிடி. வண்டி வந்துடுச்சு."

டிரைவர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். "மெயின் ரோட்டுல நாளைக்கு நடக்கற விழாவுக்கு மேடை போடறாங்க. ஆனா சுடுகாட்டுக்குப் போயிடலாம், பத்தே நிமிஷம்."

"உள்ள தெரு வழியா போங்க."

"எந்தத் தெரு?"

மாஸ்டர் பதினான்கையும் வரிசையாகச் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. இத்தனை தெளிவாக அவர் எதையும் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"சுத்துங்க சார். மத்தியானம் ஆயிடும். ரெண்டு மூணு தெருவுல வண்டி நுழையறதே கஷ்டம்."

"ஆகட்டும்."

மகள் ஒரு பக்கமும் அவர் மறுபக்கமுமாக உட்கார்ந்தார்கள். முதல் தெருவில் நாலைந்து பேர் வாசலுக்கு வந்தார்கள். மூன்றாவது தெருவுக்குள் நுழையும்போது செய்தி முன்னாலேயே போயிருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். சைக்கிள்களைச் சொல்லாமலே நகர்த்திச் சுவரோடு சாய்த்தார்கள். கம்பங்களில் புதுப் பெயிண்ட் பெட்டிகள் வெயிலில் மினுங்கின. மாஸ்டர் ஒவ்வொன்றையும் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஏழாவது தெருவில் வண்டி நின்றுவிட்டது. குறுக்கே ஒரு துணிக்கொடி, தாழ்வாக, நிறைய ஈரத் துணிகளோடு. துணியை உருவ ஓடிவந்த பெண்மணியை மாஸ்டர் கையமர்த்தினார். அவள் புரிந்துகொண்டு உள்ளே போய் ஒரு நீளக் கம்பை எடுத்து வந்தாள். கவட்டையில் கொடியை மாட்டி, இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்தாள்.

வண்டி மெதுவாக அடியில் நுழைந்தது. ஒரு சின்னச் சட்டை, ஒரு பெரிய சட்டை, ஒரு பாவாடை என்று ஒவ்வொன்றாகக் கூரையை உரசிக்கொண்டு பின்னால் போயின. சொட்டுச் சொட்டாகச் சத்தம் கேட்டது. கடைசித் துணி தாண்டும்வரை அந்தப் பெண் கையை இறக்கவில்லை.