மூன்றும் நான்கும் சேர்ந்த கட்டம்

ஸ்ஃபாக்ஸ் துறைமுக நகரத்து ஆய்வகத்தில் சிஹெமும் நிஸாரும் கடல் ஒதுக்கிய பிணங்களின் பற்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பெயர் தெரியாமல் புதைக்கப்பட்டவர்கள் எந்த மண்ணில் வளர்ந்தவர்கள் என்பதைப் பல்லில் ஊறிய உலோகங்கள் ஓரளவு சொல்லும். ஒப்பிட்டுப் பார்க்க, உயிரோடிருப்பவர்கள் பிடுங்கிப் போட்ட பற்களும் வந்திருந்தன. கெர்கென்னா தீவுக்காரனான நிஸார் தன் கடைவாய்ப் பல்லையே கொடுத்திருந்தான்.

அத்தனை அளவுகளையும் கணினி, பெரிய வித்தியாசம் முதலில் வரும்படி, சில அச்சுகளாகச் சுருக்கியது. முதல் இரண்டு அச்சுகளை வைத்து வரைந்தபோது உயிருள்ளவர்கள் ஒரு பக்கம், மூழ்கியவர்கள் மறுபக்கம்.

“அக்கா, பெரிய வித்தியாசமெல்லாம் இதுலயே வந்துடுச்சு. அனுப்பிட்டுச் சாப்பிடப் போகலாம்,” என்றான் நிஸார்.

“இது கடல் செஞ்ச வித்தியாசம்டா. உப்புல ஊறினது. ஊரு எங்க இருக்கு இதுல?”

சிஹெம் ஒவ்வொரு அச்சையும் மற்ற எல்லாவற்றோடும் ஜோடி சேர்த்து, சின்னச் சின்னக் கட்டங்களாக வரைந்தாள். மூன்றும் நான்கும் சேர்ந்த கட்டத்தில் ஊர்கள் தனித்தனியாகப் பிரிந்தன. மூழ்கியவர்களின் சிவப்புப் புள்ளிகள் எந்த ஊரோடும் ஒட்டாமல் தள்ளிக் கிடந்தன. ஒன்று மட்டும் கெர்கென்னாக்காரர்களுக்கு நடுவே, நிஸாரின் பல்லை உரசிக்கொண்டு இருந்தது.

“பல்லுல ஒட்டின சீட்டு மாறிப்போயிருக்கும்க்கா. திரும்ப அளங்க.”

மூழ்கியவனின் அதே பல்லில் வேறொரு துணுக்கை அளந்தார்கள். புள்ளி அதே இடத்துக்கு வந்தது.

நிஸாரின் தம்பி கைஸ் இத்தாலிக்குப் படகேறியவன். அதன்பின் பேச்சில்லை. அம்மா ஃபோனைத் தலைமாட்டிலேயே வைத்துத் தூங்குகிறாள்.

“ஒரே தண்ணி குடிச்சு வளர்ந்தவங்கன்னுதான் இது சொல்லுது. தம்பின்னு சொல்லல,” என்றாள் சிஹெம். “எச்சில் குடு. மரபணு பாத்துடலாம்.”

அந்தப் பல் கைஸுடையது இல்லை. முடிவு வந்ததும் நிஸார் படிக்கட்டில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தான். அப்புறம் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அப்படியானால் வேறு யார்?

தீவில் பிள்ளையைக் காணாத வீடுகளெல்லாம் அவனுக்குத் தெரியும். ஒவ்வொன்றாக ஏறி இறங்கி எச்சில் கேட்டான். மப்ரூக்காவினுடையது பொருந்தியது. அவள் மகன் ஹம்தி, கைஸோடு அதே படகில் ஏறியவன்.

எலும்புகளைத் தீவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். துக்க வீட்டில் மப்ரூக்கா நிஸாரின் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். “தீவுல பொறந்தும் என் புள்ளைக்குத் தண்ணின்னா பயம், சால்ஹா. உன் புள்ளை நல்லா நீந்துவான்.”

“ஆமா, அவன் கரையேறியிருப்பான்,” என்ற அம்மா திரும்பிப் பார்த்தாள். “இல்லடா நிஸார்?”

“ஏறியிருப்பாம்மா.”

அடுத்த வாரம் புதுப் பற்கள் வந்தன. சிஹெம் கட்டங்களைத் திறந்ததும் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நீங்களே பாத்துச் சொல்லுங்கக்கா.”